உங்கள் தங்கை ஓட்டுப் போட்ட விஷயமாக

ராயபுரம்,
தாது வருஷம், மாசி மாதம்.

உடன்குடி கருப்பட்டி வியாபாரம் மகாராஜராஜஸ்ரீ அத்தான் மாசானம் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய காரணத்தால் தங்களுக்கு மைத்துனனாகிப் போன சண்முகவேல் அடக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் தங்கபுஷ்பம் சுகம், மகள் இசக்கியம்மாள் சுகம், நான் உடம்பு மட்டும் சுகம். அவ்விடத்தில் அக்காளும் பிள்ளைகளும் பனைகளும் குறைவில்லாமல் இருக்கக் குலதெய்வம் துணை நிற்கட்டும். கப்பலில் ஏற்றி அனுப்பிய கருப்பட்டிச் சிப்பங்கள் உடையாமல் வந்து சேர்ந்தன. உடைந்திருப்பது வேறு; அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அத்தான், வரி கட்டுகிறவன் பெண்சாதிக்கும் ஓட்டு உண்டு என்று புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. இல்லாவிட்டால் பெரிய படிப்புப் படித்து இதைத் தடுத்திருப்பேன். நம் கிடங்குக்காரர் கிருஷ்ணப்பன் தேர்தலில் நின்றார். நிற்கிறவருக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு பெட்டி; அவருக்குப் பச்சை. கடற்காற்றில் கருப்பட்டி எப்படிக் கசிந்து ஓடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராயபுரம் முழுக்கச் சுற்றினாலும் சுவரில் ஈரம் ஏறாத கிடங்கு அவருடையது ஒன்றுதான். அவர் ஒரு நாள் நம் கடைப்படி ஏறி வந்து, "சண்முகவேல், உன் வூட்ல ரெண்டு ஓட்டு கீது. ரெண்டும் என் பச்சைப் பொட்டில வுழணும். வுழலன்னா சித்திரைலேந்து கிடங்க வேற ஆளுக்கு வுட்டுட வேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் பயம். "ரெண்டுக்கும் நான் பொறுப்பு மொதலாளி" என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டேன். உங்கள் தங்கைக்கு நான் பொறுப்பு என்று சொல்லும் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அவள் அப்போது பக்கத்தில் இல்லை.

அவரை எதிர்த்து நின்றவர் டாக்டர் சொக்கம்மாள். நீலப் பெட்டி. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் பிறந்ததும் அந்த அம்மாள் கையில்தான் முதல் அடி வாங்கி அழுதவர்கள். அதனால் பெண்டுகள் எல்லோரும் உள்ளுக்குள் நீலம் என்று எனக்குச் சந்தேகம். உங்கள் தங்கை திடீரென்று நீல ரவிக்கை தைத்துக்கொண்டாள். நான் கேட்காமலே வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். கல்யாணமான நாளாகக் கேட்டு வாங்கித் தின்கிறவனுக்குக் கேட்காமல் கிடைத்தால் அதில் சூது இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இரண்டு துண்டு தின்ற பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் விடியற்காலம், வேப்பங்குச்சியும் வாயுமாகக் கொல்லைப்பக்கம் போகிறேன், உங்கள் தங்கை அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டே "கோதண்டம், கோதண்டம்" என்கிறாள். குழவி முன்னே போனால் ஒரு கோதண்டம், பின்னே வந்தால் ஒரு கோதண்டம். கோதண்டம் யாரென்றால் பக்கத்து வீட்டுக்காரன். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன், மீசைக்காரன். அத்தான், தாலி கட்டிய நாளிலிருந்து என் பெயரை அவள் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. திருச்செந்தூர் சண்முகரைக்கூட "நம்ம கடைக்காரக பேருள்ள சாமி" என்றுதான் கும்பிடுவாள். அப்படிப்பட்டவள் அடுத்த வீட்டு ஆம்பிளை பெயரை அம்மியில் வைத்து அரைத்தால் நான் என்னவென்று நினைப்பது? வேப்பங்குச்சியைக் கடித்து முழுங்கிவிட்டேன்.

மறுநாள் மதில் ஓரமாக நின்று ஒட்டுக் கேட்டேன். அந்தப் பக்கம் கோதண்டத்தின் பெண்சாதி ஜெயக்கொடி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கல்லில் ஒரு அடி, "சண்முகவேல்." இன்னொரு அடி, "சண்முகவேல்." உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் தங்கைக்கு எழுதாதிருந்தால். என் பெயர் கேட்க இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கடைக்குப் போகுமுன் எண்ணெய் தடவி இரண்டு தடவை தலை வாரினேன். வாருவதற்கு அங்கே அதிகம் மிச்சமில்லை, இருந்தாலும் வாரினேன். அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான். கோதண்டமே கடைக்கு வந்து நின்றான்.

"இன்னா மொதலாளி, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. என் வூட்டுக்காரி உன் பேர சொல்லிகினே கீறாளே, இன்னா சமாச்சாரம்?"

"அதை நான் உம்மகிட்டே கேட்கணும்வே. என் வீட்டுக்காரி உம்ம பேரைச் சொல்லிச் சொல்லி மிளகாய் அரைக்காளே, அதுக்கு என்ன சொல்லுதீரு?"

அவ்வளவுதான், அவன் அப்படியே கருப்பட்டிச் சிப்பத்தின்மேல் உட்கார்ந்துவிட்டான். மீசை தொங்கிப்போயிற்று. "அய்யோ நைனா, மொளகாயா? செய்வினைப்பா இது! பேர சொல்லி அரைச்சாங்கன்னா ஆளு படுத்துக்குவான். எங்க பேட்டைல ஒர்த்தன் இப்பிடித்தான் பூட்டான்."

"செய்வினைன்னா அவங்கவங்க புருஷனுக்கில்லே வைக்கணும்? எதுக்கு மாத்தி வைக்கணும்?"

"அங்கதாம்பா கீது சூட்சுமம்! கட்ன புருசன தன் கையால முடிச்சா பாவமாச்சே. அதான் உன்ன என் வூட்டுக்காரி பாத்துக்கறா, என்னிய உன் வூட்டம்மா பாத்துக்கறாங்க."

எட்டாம் வகுப்புப் படித்த எனக்கே அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து அவனுக்குத் தும்மல், எனக்கு வயிற்றுப் பொருமல். சாயங்காலமானால் மிஷன் பள்ளிக்கூடத்து ஃப்ளோரன்ஸ் டீச்சர் ஜெயக்கொடி வீட்டுக்கு வருவாள், நம் நாசரேத் பக்கத்துப் பெண்தான், தெருப் பெண்டுகள் எல்லாம் உள்ளே போவார்கள், கதவு சாத்தப்படும், கொஞ்ச நேரத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கூரையைத் தூக்கும். வெளியே நானும் கோதண்டமும் திருடர்கள் மாதிரி நிற்போம். இசக்கியிடம் கேட்டால், "அது பொம்பளைங்க சமாச்சாரம்ப்பா" என்கிறாள். பெற்ற மகளே எதிர்க்கட்சி.

ஓட்டு நாளும் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, நடுவில் ஓலைத் தட்டி. நானும் கோதண்டமும் தட்டி இடுக்கில் காதையும் கண்ணையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றோம். அந்தப் பக்கம் தலைப்பாகை கட்டிய ஓர் உத்தியோகஸ்தர் உங்கள் தங்கையிடம், "உன் புருஷன் பேர் என்ன?" என்றார். பக்கத்திலிருந்து ஜெயக்கொடியின் குரல் கணீரென்று வந்தது: "சண்முகவேல்!" அடுத்து அவர் ஜெயக்கொடியைக் கேட்க, உங்கள் தங்கை, "கோதண்டம்!" என்றாள். எனக்கும் கோதண்டத்துக்கும் அப்போதுதான் கண் திறந்தது. புருஷன் பெயரைத் தானே சொல்லக்கூடாது, சொல்லாவிட்டால் ஓட்டுச் சீட்டுக் கிடையாது, ஆகவே அவள் புருஷன் பெயரை இவளும் இவள் புருஷன் பெயரை அவளும் சொல்லிக்கொள்வது என்று ஃப்ளோரன்ஸ் டீச்சர் ஜோடி ஜோடியாகப் பழக்கிவைத்திருக்கிறாள். செய்வினை இல்லை, பாடம்!

ஆனால் உத்தியோகஸ்தருக்குக் கண் திறக்கவில்லை. யார் வாயில் எந்தப் பெயர் வந்ததோ அவன்தான் அவளுக்குப் புருஷன் என்று எடுத்துக்கொண்டு, என் பெண்சாதியின் சீட்டை ஜெயக்கொடியிடம் நீட்டினார்.

"அய்ய, அது நா இல்லீங்க சாமி! அவுரு இவங்க வூட்டுக்காரரு."

"அப்போ நீ ஏன் அவன் பேரைச் சொன்னே?"

"பின்ன அவங்களா சொல்லுவாங்க? நல்லா கேட்டீங்க போங்க!"

"சரி, உன் புருஷன் பேரை நீ சொல்லு."

"சாமி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், அதமட்டும் கேக்காதீங்க. தோ, அக்காவ கேளுங்க."

ஆண்கள் வரிசை முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பொறுக்கவில்லை. தட்டிக்கு மேலே தலையை நீட்டி, "ஐயா, சண்முகவேல் நான்தான், அந்த நீல ரவிக்கைதான் என் பெண்சாதி!" என்று கத்தினேன். போலீஸ்காரன் என் காதைப் பிடித்து உட்காரவைத்தான். உத்தியோகஸ்தர் கடைசியில் இரண்டு சீட்டையும் மேஜைமேல் போட்டு, "நீங்களே பிரிச்சுக்குங்க தாயீ" என்று கும்பிட்டுவிட்டார்.

அந்தச் சந்தேகம் ஒழிந்தது. ஆனால் அத்தான், அதைவிடப் பெரியது வந்து உட்கார்ந்துகொண்டது. சீட்டு சரி, அது எந்தப் பெட்டியில் விழுந்தது? சாயங்காலம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "அந்தப் பச்சைப் பெட்டிக்கு வாய் கொஞ்சம் சின்னதோ?" என்றேன். "எல்லாப் பெட்டிக்கும் வாய் ஒண்ணுபோலத்தான். நீங்களும் ஒங்க வாயைச் சின்னதா வச்சிக்கிடுங்க" என்றாள். நேராகவே கேட்டேன், கிடங்கு போய்விடும் என்று அழாத குறையாகச் சொன்னேன். அதற்கு அவள் சொன்ன பதிலைக் கேளுங்கள்: "கட்டின நாளா ஒங்க பேரையே வெளியே விடாம வச்சிருக்கேன். ஓட்டை மட்டும் சொல்லிருவேன்னா நெனைக்கிய?"

இதற்கு நான் என்ன செய்யட்டும்? பெட்டிகளை எண்ணி முடிவு சொல்லப் போகிறார்கள். நீலத்தில் போட்டிருக்கிறாள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கிருஷ்ணப்பனுக்குத் தெரிந்தால் நீங்கள் அனுப்புகிற சரக்கெல்லாம் பாகாக ஓடிக் கடலில் கலக்கும். ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும் ரயிலேறி வரவும். கூடப் பிறந்த அண்ணனிடம் பொய் சொல்ல மாட்டாள். எந்தப் பெட்டி என்று கேட்டு, கொடுத்த வாக்கைக் குடும்பத்தோடு காப்பாற்றுவது எப்படி என்று என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி அவளுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவும்.

அக்காளுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், பெண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அளவாக ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
சண்முகவேல்

பின்குறிப்பு: மேலே கண்டதைத் தபாலில் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். அதற்குள் முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மாள் ஜெயித்துவிட்டார். கிருஷ்ணப்பன் இன்று ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு, தனக்குத்தான் ஓட்டுப் போட்டதாகக் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லி வீடு வீடாக வந்தார். நம் வாசலில் நான் வாயைத் திறக்குமுன் உங்கள் தங்கை முன்னே வந்து, "எம் மனசு நீலத்திலேதான் இருந்துச்சு மொதலாளி. கடைக்காரக வாக்குக் குடுத்துட்டாகளேன்னு பச்சையிலே போட்டேன்" என்று சொல்லிக் கற்பூரத்தை ஓங்கி அடித்து அணைத்தாள். அத்தான், அவள் பொய்ச் சத்தியம் செய்கிறவள் அல்ல.

கிருஷ்ணப்பன் இன்னொரு கற்பூரம் ஏற்றித் தட்டை என் பக்கம் திருப்பினார். என் ஓட்டு நீலப் பெட்டியில் இருக்கிறது. பச்சைக்கு நேராகத்தான் கையை நீட்டினேன். ஆனால் என்னை யாருமே பார்க்காமல் நான் தனியாக நின்ற இடம் என் ஆயுசில் அந்தப் பெட்டிகள் இருந்த மறைப்பு ஒன்றுதான். இசக்கி கால் முதலாகப் பிறக்க வந்த அன்று நான் ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டிருந்ததும், சொக்கம்மாள் வெளியே வந்து "ரெண்டு உயிரும் பிழைச்சாச்சு, மூக்கைத் தொடையும்" என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. கை அந்தப் பக்கம் போய்விட்டது. இப்போது தட்டுக்கு முன்னால் எனக்கு வேர்த்துக் கொட்டியது. உங்கள் தங்கை அதைப் பார்த்தாள். பார்த்ததும், "ஒரு வாசல்லே ரெண்டு கற்பூரம் அணைஞ்சா கிடங்கு கொடுத்தவுக குடும்பத்துக்கு ஆகாது மொதலாளி. எங்க உடன்குடிப் பக்கம் வழக்கம்" என்றாள். அவர் பதறிப்போய்த் தட்டை மறைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, "கிடங்கு உனக்குத்தாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். உடன்குடிப் பக்கம் அப்படி ஒரு வழக்கம் உண்டா அத்தான்? இல்லாவிட்டால் தயவுசெய்து உண்டாக்கவும்.

கிடங்கு பிழைத்தது, நான் இன்னும் பிழைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, "நீங்க எதுலே போட்டிய?" என்றாள். "ஓட்டு ரகசியம்" என்றேன். அதற்கு அவள் ஒரு தட்டில் கற்பூரத்தை வைத்து என் இலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். தீப்பெட்டி இசக்கி கையில். சாப்பிட்டு முடித்ததும் சத்தியமாம். ஆகையால் நீங்கள் வர வேண்டாம். எழுத்துக் கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். வலது கை இன்னும் சோற்றில் இருப்பதால் இதை இடது கையால் எழுதுகிறேன். நான்காம் தடவையாக ரசம் கேட்டிருக்கிறேன்.