பின்பக்கக் குளியலறை ஷவர் தேர்வுக் குழு

உலகத்தின் மகத்தான முடிவுகள் எல்லாம் குழு போட்டுத்தான் எடுக்கப்படுகின்றன. இந்த உண்மையை என் கணவரைப் போல உணர்ந்தவர் யாருமில்லை. ஆபீஸில் அவர் ஒரு பிரிவுக்குத் தலைவர். வீட்டில் எல்லாப் பிரிவுக்கும்.

எனக்குத் தோள் பிடித்துக்கொண்டது. வலது கை காதுக்கு மேலே போகவில்லை. "தினமும் காலையில சுடுதண்ணி தோள்ல நல்லா விழணும். இப்படியே விட்டா கை மொத்தமா இறுகிடும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நான் தையல் வகுப்பு நடத்துகிறவள். கை இறுகினால் வகுப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான். பயந்துபோய் வீட்டில் சொன்னேன்.

எங்கள் வீட்டில் இரண்டு குளியலறை. முன்பக்கம் ஹீட்டர் இருக்கிறது. அங்கே கணவர் குளிப்பார். பின்பக்கம் நான். ஹீட்டரிலிருந்து கிளம்பும் சுடுதண்ணீர் கூடம், சமையலறை எல்லாம் தாண்டி, ஒல்லிக் குழாயில் என்னிடம் வந்து சேர்வதற்குள் களைத்துப்போய் நூலாக ஒழுகும். பச்சைத்தண்ணீர் மட்டும் பிய்த்துக்கொண்டு வரும்.

"நல்ல ஷவரா போட்டா சரியாயிடும். ஆனா தேர்வுல அவசரம் கூடாது" என்றார் கணவர். அன்றைக்கே "தேர்வுக் குழு" அமைந்துவிட்டது. தலைவர், அவர். "ஆலோசகர்", அவருடைய அண்ணன். எப்போதோ பெரிய ஓட்டலில் தங்கியதால் ஷவர் ஞானம் பெற்றவர். "அழகியல் உறுப்பினர்", என் நாத்தனார். நான் "பயனாளி". பயனாளிக்கு டீ போடும் அதிகாரம் முழுமையாக வழங்கப்பட்டது.

"ஒரு சின்ன கைஷவர் போதுமே" என்றேன், டம்ளர்களை வைத்துக்கொண்டே.

"ஏம்மா, நீயே முடிவு பண்ணிட்டா நாங்க எதுக்கு?" என்றார் ஆலோசகர். நியாயம்தானே!

"தங்கக் கலர்ல வாங்கலாம் அண்ணி. பாத்தாலே வலி போயிடும்" என்றாள் நாத்தனார்.

குழு கடைக்குக் "கள ஆய்வு" போனது. நானும் கூடவே போனேன். கடைக்காரர் மோட்டாரைப் போட்டு ஒரு "மழை ஷவரை"த் திறந்தார். ஆலோசகரின் சட்டை தொப்பலாக நனைந்தது.

"அருவிடா தம்பி, அருவி!"

"இது பச்சைத்தண்ணிங்க. நம்ம வீட்ல சுடுதண்ணி..." என்று இழுத்தேன்.

"எல்லாம் தண்ணிதானே!" என்றார் தலைவர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஷவர் வந்தது. தாம்பாளம் அகலத்துக்குத் தங்க நிறத்தில் தலைக்கு மேலே பளபளத்தது. திறப்பு விழாவில் ரிப்பன் ஒன்றுதான் குறை. தலைவர் சுடுதண்ணீரைத் திறந்தார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். ரொம்ப நேரம் கழித்து ஓரத்தில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்து, யோசித்து, விழுந்தது. அதுவும் ஆறிப்போய்.

குழு அங்கேயே அவசரமாகக் கூடியது.

"ஷவர்ல ஒரு குறையும் இல்ல. அவ நிக்கிற இடம்தான் சரியில்ல" என்றார் ஆலோசகர்.

"சொட்டு எங்க விழுதோ அங்க தோளைக் கொண்டுபோய் வைக்கணும். பயனாளியும் கொஞ்சம் ஒத்துழைக்கணும்ல?" என்றார் தலைவர்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இருந்தும் தலையாட்டி வைத்தேன். குழுவின் தீர்ப்பு அல்லவா?

மறுநாள் காலை அவர் பேப்பரில் மூழ்கியிருந்தபோது, முன்பக்கக் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். யாரும் தேர்ந்தெடுக்காத பழைய ஷவர், பாதி துருப்பிடித்தது. திறந்தேன். சுடச்சுடக் கொட்டியது தோளில். அப்பாடா! கை மெல்ல எழும்பிக் காதைத் தாண்டியது.

கதவு படபடத்தது.

"உள்ள என்ன பண்ற? எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு!"

"எனக்கும்தான் வகுப்புக்கு நேரமாச்சு. பின்னாடி உங்க புது ஷவர் சும்மாதானே இருக்கு? போய்க் குளிங்க."

"அந்தத் தண்ணியில மனுஷன் குளிப்பானா?" என்றார் பட்டென்று.

அண்ணனைக் கேட்கவில்லை. கடைக்குப் போகவில்லை. கள ஆய்வு, டீ எதுவும் தேவைப்படவில்லை. அந்தத் தண்ணீரில் மனுஷன் குளிக்க முடியாது என்பது தலைவருக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அதில் குளித்தவள் நான்.