இன்னும் பச்சையாத்தான் கிடக்கு

புது டார்ச்சின் வெளிச்சத்தில் தேயிலைக் கொழுந்து செத்த எலியின் நிறத்தில் கிடந்தது.

செல்லசாமி டார்ச்சை ஒருமுறை தட்டிப் பார்த்தான். எலி நிறம் போகவில்லை.

"என்னா தம்பி, எலைக்கு ஏதும் சீக்கா?" என்று பதறினாள் பேச்சியம்மா. உருட்டி வந்த கொழுந்தைப் பரப்பிச் சிவக்க வைக்கும் அறையில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை.

"எலைக்கு ஒண்ணும் இல்லக்கா. வெளிச்சத்துலதான் நீலம் கூடிருச்சு."

செல்லசாமி, மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தின் ஸ்டோரில் எலக்ட்ரீசியன். தேயிலை ஆலைக்கு அங்கே ஸ்டோர் என்றுதான் பேர். 2007இல் ஹட்டன் டவுனில் ஒரு இன்டர்நெட் கடைக்குள் மழைக்கு ஒதுங்கியவன், டார்ச் செய்வதையே தவமாகக் கொண்ட வெள்ளைக்காரர்கள் சிலர் எழுதியதைப் படித்துவிட்டு வேறு ஆளாக வெளியே வந்தான்.

எல்.ஈ.டி.க்குள் வெளிச்சம் தரும் துண்டு உளுந்தைவிடச் சின்னது. பார்க்க ஒரு மஞ்சள் பொட்டு. கரண்ட் கொடுத்தால் எதிர்மலை வரைக்கும் அடிக்கும். அதைவிட அவனை வாயடைக்க வைத்தது, வெள்ளை என்று ஒரே ஒரு நிறம் கிடையாது என்பதுதான். ஒரு பொட்டின் வெள்ளையில் நீலம் இருக்கும், ஒன்றில் மஞ்சள் இருக்கும். எல்லாவற்றிலும் மோசம் வெள்ளைக்குள் ஒளிந்துவரும் பச்சை. அதைக் கண்டுபிடிக்க அவர்கள் கருவி வைத்திருந்தார்கள்.

அந்த டார்ச்சை அவன் செய்தது டீ மேக்கர் இராசரத்தினம் ஐயாவுக்காக. யாழ்ப்பாணத்துக்காரர். பரப்பிய கொழுந்து பதத்துக்கு வரும் அந்த ஐந்து நிமிடத்தில் அதை அடுப்புக்கு அனுப்ப வேண்டும். முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது. இருபத்தாறு வருடமாக அந்த ஐந்து நிமிடத்தை ஐயா தவறவிட்டதில்லை. ஐயாவின் கண் என்றால் ஹட்டன் வரை மரியாதை. அப்படிப்பட்ட கண்ணுக்கு ஒரு தகர டார்ச்சா என்று செல்லசாமிக்குப் பொறுக்கவில்லை.

ஐயா உள்ளே வந்தார். புது வெளிச்சத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கொழுந்தில் முகம் முட்டுகிற அளவுக்குக் குனிந்து, ஒரு கணம் கண்ணை மூடினார். கண்டதை மனசுக்குள் நிறுத்திப் பார்க்கிறார் என்று செல்லசாமி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"இன்னும் பச்சையாத்தான் கிடக்கு," என்றார் ஐயா.

செல்லசாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. நீலம் எல்லோருக்கும் தெரியும். அந்த நீலத்துக்கு அடியில் இருக்கும் பச்சையைக் கருவி இல்லாமல், ஒரே பார்வையில்!

"எம்புட்டுங்க ஐயா கூட இருக்கு?"

"அரைவாசிக்கு மேலை. கொஞ்சம் பொறுக்க வேணும், தம்பி."

"பொறுக்குறேங்க ஐயா," என்றான் அவன். கொழும்பிலிருந்து அடுத்த பொட்டு வந்துசேர எப்படியும் பத்து நாளாகும்.

வந்தது மஞ்சள் சாயல். டார்ச்சைப் போட்டதும் பேச்சியம்மா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஆத்தி! தங்கத்தக் கொட்டிப் பரப்புன மாதிரியில்ல இருக்கு!"

ஐயா குனிந்தார், கண்ணை மூடினார், நிமிர்ந்தார்.

"பரவாயில்லை. ஆனா பச்சை முழுக்கப் போகேல்லை."

"எங்கிட்டுங்க ஐயா தெரியுது?"

"அடியிலை."

அடியில்! செல்லசாமி டார்ச்சைக் கொண்டுபோய் வெள்ளைச் சுவரில் அடித்து, அரைமணி நேரம் உற்றுப் பார்த்தான். ஒளிவட்டத்தின் அடி ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு, சத்தியமாக, பச்சை இருந்தது. அங்கேயே விழுந்து கும்பிட வேண்டும்போல இருந்தது அவனுக்கு.

கும்பிடுகிற அவசரத்தில் டார்ச்சை அறையிலேயே தொங்கவிட்டுவிட்டான். மறுநாள் விடியற்காலை, ஐயா வருவதற்கு முன்பே, அந்த மஞ்சளில் கொழுந்து பழுத்துச் சிவந்து தெரிந்தது. பேச்சியம்மா நம்பி அடுப்புக்கு அனுப்பிவிட்டாள். அந்தத் தூளில் தேநீர் போட்டுக் குடித்த தோட்டத்து மேனேஜர் தொரை, குடித்ததை ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டுச் செல்லசாமியைக் கூப்பிட்டார்.

"இன்னொரு தரம் கொழுந்து பழுதாப் போனா, நீ ஸ்டோர்ல இருக்க மாட்ட. மலையில புல்லு வெட்டத்தான் போகணும். வெளங்குச்சா?"

செல்லசாமி அன்றைக்கே எல்லாவற்றையும் மூட்டை கட்டியிருப்பான். ஐயாதான் தோளில் கை வைத்தார்.

"மனம் விடாதையும், தம்பி. உம்மளை மாதிரி ஆர்வமுள்ள ஆளை நான் இஞ்சை கண்டதில்லை. நாளைக்கும் வாரும்."

அந்தக் கண்ணே கூப்பிடும்போது எப்படி வராமல் இருப்பது?

பச்சையை அடிக்கச் சிவப்புச் சேர்க்க வேண்டும் என்று படித்திருந்தான். மஞ்சள் பொட்டோடு சிவப்புப் பொட்டு ஒன்றை வைத்தான். போதாது என்று இன்னொன்று வைத்தான். பனி இறங்கி, எதிரே நிற்கும் ஆள் தெரியாத ஒரு காலையில் அதை ஏற்றினான்.

அறையின் கண்ணாடி ஜன்னல்கள் வழியாகச் சிவப்பு வெளியே கசிந்து, பனியில் பட்டு, ஸ்டோரே கங்காகக் கனன்றது. கேட்டில் நின்ற காவல்காரர் அழகன் ஒரு நொடிதான் பார்த்தார். ஓடிப்போய், ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டு மணியைப் பிடித்து இழுத்தார்.

"ஸ்டோர் பத்திக்கிச்சு! ஓடியாங்க! ஸ்டோர் பத்திக்கிச்சு!"

மூன்று லயத்து வீடுகளின் ஆட்களும் வாளி, குடம், அண்டாவோடு வந்தார்கள்.

"நெருப்பு இல்லங்க! டார்ச்சுங்க! டார்ச்சு!" என்று செல்லசாமி கத்தினான்.

கத்தி முடிப்பதற்குள் நாற்பது குடம் தண்ணீர் கொழுந்தின் மேல் விழுந்துவிட்டது. அவன்மேலும்தான்.

கணுக்கால் தண்ணீரில் ஐயா மெதுவாக நடந்துவந்தார். வழக்கம்போலக் குனிந்தார். கண்ணை மூடினார்.

"இது இனிச் சரிவராது," என்றார்.

தொரை திங்கட்கிழமையிலிருந்து மலைக்கு என்று சொன்னது செல்லசாமிக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. ஐயாவின் இந்த ஒரு வாக்கியம்தான் வலித்தது.

வெள்ளிக்கிழமை, சிங்கப்பூரில் வேலை செய்யும் மைத்துனனிடமிருந்து ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. உள்ளே நான்கு பொட்டுகள். ஓவியங்களுக்கு விளக்குப் போடுகிறவர்கள் வாங்குகிற வகையாம். சூரியனுக்கு அடுத்தபடி நிறத்தை நிறமாகக் காட்டுவது இதுதான் என்று வெள்ளைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். மலைக்குப் போவதற்குள் ஒரே ஒரு தடவை ஐயாவிடம் காட்டிவிட வேண்டும் என்று பொட்டுகளை ஈயம் வைத்துப் பற்றவைத்தான்.

சனிக்கிழமை காலை. வெளியே அதே பனி. செல்லசாமி டார்ச்சைப் போட்டான்.

கொழுந்தின் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகத் தெரிந்தது. ஓரமெல்லாம் புதுச் செம்பு. நடு நரம்பில் ஒளிந்திருந்த இளம்பச்சை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்குவதுபோல் இருந்தது. ஈரம் மினுங்கியது. பேச்சியம்மா தன் உள்ளங்கையை வெளிச்சத்தில் நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினெட்டு வருடக் கொழுந்துக் கறை ரேகை ரேகையாகப் பழுப்பும் ஊதாவும் கருஞ்சிவப்புமாக ஓடியது.

"தம்பி," என்றாள் மெல்லிய குரலில், "எங்கையில இம்புட்டு நெறம் இருக்கா?"

செல்லசாமிக்கு, எத்தனையோ வாட்டி பார்த்த அறையை இப்போதுதான் யாரோ படைத்து வைத்ததுபோல் இருந்தது.

ஐயா வந்தார். குனிந்தார். இந்தத் தடவை வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"இப்பத்தான் சரி! பச்சை எல்லாம் போயிட்டுது. இதுதான், தம்பி, இதுதான்! எடுங்கோ, எடுங்கோ!"

பேச்சியம்மா கொழுந்தை அள்ளினாள். செல்லசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அன்றைய தூளில் தேநீர் குடித்த தொரை, இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு செல்லசாமியைக் கூப்பிட்டு, "சரி, சரி, இங்கனயே இரு. ஆனா சேப்பு லைட்டு மட்டும் போடாத," என்றார்.

சாயங்காலம் செல்லசாமி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அதே பொட்டில் செய்த இன்னொரு டார்ச்சோடு ஐயாவின் குவாட்டர்ஸுக்குப் போனான். ஐயா கடைப்பக்கம் போயிருந்தார். அவர் மனைவி செல்வமலர் கதவைத் திறந்தார்.

"வாரும் தம்பி, இரும். உம்மளைப் பற்றித்தான் இவர் ஒவ்வொரு நாளும் கதைக்கிறவர். எலக்ட்ரீசியன் தம்பி தேயிலைப் பதம் படிக்க எவ்வளவு ஆசையா வந்து நிக்கிறார் எண்டு."

செல்லசாமிக்கு அது சரியாக விளங்கவில்லை. டார்ச்சை இரண்டு கையாலும் நீட்டினான்.

"பதம் என்னாங்க அம்மா, நான் வெளிச்சம் படிச்சேங்க. நாலு டார்ச்சு செஞ்சேன். எதுல எம்புட்டுப் பச்சை இருக்குன்னு ஐயா ஒருத்தர்தான் கண்டு சொன்னாரு. அந்தக் கண்ணு மட்டும் இல்லாட்டி நான் இந்நேரம் மலையிலதாங்க."

செல்வமலர் டார்ச்சையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கண்ணோ? அவருக்குப் பிறப்பிலையிருந்தே பச்சையும் சிவப்பும் ஒண்டுதானே தம்பி. கொழுந்தைக் குனிஞ்சு, பச்சை வாசம் போச்சோ எண்டு மணந்து பார்த்துத்தானே அவர் பதம் சொல்லுறவர்!"