பிரிக்கக் கூடாத பொட்டலம்

வெண்டல் ஃப்ரிட்ஜைத் திறந்தார். நேற்று ஒன்றாக இருந்த செய்தித்தாள் பொட்டலம் இன்று மூன்றாகியிருந்தது.

"லோர்னா! என் மொட்டு எது?"

"நடுவுல. இல்ல, ஓரத்துல. மத்தது அஸ்பாரகஸ் தண்டும் மீனும். பிரிச்சுத்தான் பாரேன்," என்றாள் மனைவி.

அதெப்படி? பியோனிப் பூவின் மொட்டைத் தாளில் சுற்றிக் குளிரில் வைத்தால் கண்காட்சி நாள்வரை பிரிக்கக் கூடாது என்று துண்டறிக்கை அடித்து, மினசோட்டாவில் பாதிப் பேருக்கு விநியோகித்த பியோனி வளர்ப்போர் சங்கத் தலைவரே அவர்தான்.

ஒன்பது வருடம் முன்பு இரண்டு உயர்குலச் செடிகளுக்குத் தூரிகையால் கல்யாணம் செய்துவைத்து, விதையிலிருந்து வளர்த்த கலப்பினம். இந்த ஜூனில்தான் முதல் மொட்டு, அதுவும் ஒற்றை. என்ன நிறத்தில் பூக்கும் என்று பெற்றவருக்கே தெரியாது. சனிக்கிழமை நடுவர் தலையசைத்தால், அதன் பெயர் 'வெண்டல் மகிமை.'

அமுக்கிப் பார்த்தார். மூன்றும் அமுங்கின. அப்போதுதான் கீழ்த்தட்டு கண்ணில் பட்டது.

"ஐயோ, ஆப்பிள்! அது விடுற வாயு பட்டாலே மொட்டு கெட்டுடுமே!"

மூன்றையும் அள்ளிக்கொண்டு அடுத்த வீட்டு டாக்னியிடம் ஓடி விவரம் சொன்னார்.

"வாங்க தலைவரே. மொட்டோட மீனையும் குளிர்ல தூங்க வெக்கணுமா?"

அவள் ஃப்ரிட்ஜிலும் ஒரு பொட்டலம் இருந்தது.

"நீயுமா கண்காட்சிக்கு?"

"கோழிக்கூண்டுக்குப் பின்னால ஒண்ணு மொட்டு விட்டுச்சு. சும்மா வெச்சுப் பாப்போமேன்னு."

குழப்பம் வராமலிருக்கத் தம் பொட்டலத்தின்மேல் 'வெ' என்று எழுத நினைத்தார். உள்ளே திணித்ததில் டாக்னியுடையதும் கலந்துபோய், எது தம்முடையது என்று தெரியாததால் நான்கிலும் எழுதிவைத்தார்.

சனிக்கிழமை மண்டபத்தில் முதல் பொட்டலத்தைப் பிரித்தார். மீன். யாரும் கைதட்டவில்லை. அடுத்தது அஸ்பாரகஸ். மற்ற இரண்டிலும் மொட்டுகள். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் நின்றதும் ஒன்று, பலமுறை வெளுத்த கைக்குட்டை மாதிரி விரிந்தது. மற்றது பவழமாய் மலர்ந்து, நடுவில் வெண்ணெய் மஞ்சள் காட்டியது.

"இதான் என் ரத்தம்!" என்று பவழத்தைத் தூக்கிய வெண்டல், கைக்குட்டையின் கழுத்தைத் திருகிக் குப்பைத்தொட்டியில் போட்டார். "கோச்சுக்காத டாக்னி. இதைக் கோழிகூடத் தின்னாது."

நடுவர் தலையசைத்தார். முதல் பரிசுக்கான நீல நாடா கட்டினார். 'வம்சம் அறிந்து வளர்ப்பது எப்படி' என்று வெண்டல் இருபது நிமிடம் முழங்கினார்.

மேசையில் கிடந்த ஈரத்தாள்களை நீவிக்கொண்டிருந்த டாக்னி நிமிர்ந்தாள்.

"பவழத்தைச் சுத்தின தாள்ல குறுக்கெழுத்துப் போட்டது நான்தான் தலைவரே, அது என் கோழிக்கூண்டுச் செடி; ஆனா நீங்க சொன்ன வம்சமும் சரிதான், அதே விதைகள்ல முளைச்சு, ஏழு வருஷம் முன்னாடி 'குலத்துக்கே இழுக்கு'ன்னு நீங்க வேலிக்கு இந்தப் பக்கம் வீசின நாத்துதான் அது!"