என் இடுப்பில் ஒரு ரெஜிமெண்ட்

பெரியவர்கள் எதிரே வந்தால், மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிடுவது எங்கள் பக்கத்து மரியாதை. ஆரணியில் அரிசி மில் முதலாளியிலிருந்து தறிக்காரர் வரை எல்லாருக்கும் கை தானாகவே இடுப்புக்குப் போகும். மாமனாரைக் கண்டதும் லுங்கியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய மருமகன், எனக்குத் தெரிந்து, ஊரிலேயே நான் ஒருவன்தான். பார்த்தவர்கள் திமிர் என்றார்கள். நடந்தது வேறு.

அது ஆவணி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. (எதையும் நாள் கிழமையோடு சொல்வது என் பழக்கம். ஆண்டைச் சொல்ல மட்டும் மனைவி தடை விதித்திருக்கிறாள். அவள் வயது தெரிந்துவிடுமாம்.) அம்மாவும் நானும் சந்தவாசலுக்குப் பெண் பார்க்கப் போனோம். அதற்கு முன்பு பார்த்த வீடுகளில் எல்லாம், 'பையன் ரொம்பப் பேசறாரு' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பஸ்ஸிலேயே அம்மா எச்சரித்தாள்:

"இந்த எடமாவது அமையணும்டா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சரித்திரம் எதுவும் எடுத்து வுடாத."

எனக்கும் அமைய வேண்டும் என்றுதான் இருந்தது. பார்க்கப் போன பெண், கலாவை, நான் முன்பே போளூர் பஸ்ஸில் பார்த்திருந்தேன். அத்தனை நெரிசலில், கம்பியில் சாய்ந்து நின்றபடி தடிமனான புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பெண் இன்னொரு முறை அமைவாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

கலாவின் அப்பா, ராணுவ பேண்டு வாத்தியக் குழுவில் பேக்பைப் வாசித்து ஓய்வு பெற்ற ஹவில்தார். கூடத்துச் சுவரில் அவருடைய அணிவகுப்புப் படம்: கையிடுக்கில் காற்றுப்பை, வாயில் குழல், இடது தோளிலிருந்து தொங்கும் கட்டம் போட்ட துணி. படத்தைப் பார்த்ததும் அம்மாவின் எச்சரிக்கை பஸ்ஸோடு போய்விட்டது.

"இது டார்டன்தானேங்க?"

அவர் நிமிர்ந்தார். "தம்பிக்கு எப்படித் தெரியும்?"

நான் படித்ததை எல்லாம் கொட்டினேன். ஸ்காட்லாந்தில் குடும்பத்துக்கு ஒரு கட்டம், பட்டாளத்துக்கு ஒரு கட்டம். அங்கிருந்துதான் நம் ராணுவ பேண்டுக்கும் அது வந்தது. பட்டாளத்துக் கட்டத்தை மற்றவர்கள் உடுத்தக் கூடாது என்று சட்டம் இல்லை, ஆனால் உடுத்தாமல் இருப்பதுதான் நாகரிகம். அந்தப் பட்டாளத்துக்காரரின் குடும்பத்தார் உடுத்தினால் குற்றமில்லை. நாற்காலிக்கு அடியில் அம்மா என் காலை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

ஹவில்தாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இந்த வூட்டுக்கு வந்து இதப் பத்திப் பேசின மொத ஆளு நீங்கதான் தம்பி."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஆரணிக்காரன்ங்க. அப்பா பட்டு நெய்யறவரு. எந்தத் துணியா இருந்தாலும் தொட்டாலே சொல்லிடுவேன்" என்றேன். பிறகு, பேக்பைப் பையை எப்படி அழுத்துவார்கள் என்று முழங்கையால் செய்தும் காட்டினேன். கலா காபித் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. இரண்டு டம்ளர் காபியும் என் வெள்ளை வேட்டியிலும் தரையிலும் போயின.

"பரவால்ல, பரவால்ல. உள் ரூம்ல கொடியில லுங்கி இருக்கு. ஜல்தியா மாத்திகினு வாங்க" என்றார் ஹவில்தார்.

கொடியில் இரண்டு துணிகள் இருந்தன. ஒன்று சாயம் போன நீல லுங்கி. மற்றது கரும்பச்சையில் நீலக் கட்டம். நெசவாளி மகனின் கண் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. கட்டியதும் கனத்தது, குத்தவும் செய்தது. (மழைக்காலத்துக்கென்று தனி லுங்கி வைத்திருக்கிறாரே, என்ன ஒரு ராணுவ ஒழுங்கு என்று வியந்தேன்.) நீளம் அதிகமாக இருந்ததால் முழங்காலுக்கு மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஹவில்தார் விறைப்பாக எழுந்து நின்றார். எனக்குத்தான் மரியாதை தருகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி எந்தப் பட்டாளம்?"

"நான் அரிசி மில்லுல கணக்கு எழுதறேங்க."

"அப்புறம் எதுக்கு என் ரெஜிமெண்ட்ட இடுப்புல கட்டிகினு நிக்கிறீங்க?"

சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். என் இடுப்பைப் பார்த்தேன். மழை ஈரம் பிடிக்காமல் இருக்க அவர் கொடியில் காயப் போட்டிருந்த அதே தோள் துணி! அசல் கம்பளி.

பயத்தில் என் கை, ஆரணிக்காரன் கை செய்வதைச் செய்தது. மடிப்பை இறக்கிவிட்டேன். துணியின் ஓரம் நேராகப் போய்க் காபியில் விழுந்தது.

"தரையில வுடாதீங்க! தூக்குங்க!" வீடே அதிர்ந்தது.

தூக்கினேன்.

"இன்னும் மேல!"

இன்னும் தூக்கினேன்.

"ஐயோ, அவுத்துக் குடுத்துடுடா!" என்றாள் அம்மா.

"எப்படிம்மா?" என்றேன்.

அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வேட்டியச் சுத்திகினு வாடா. பஸ் இருக்கும்."

அவ்வளவுதான், இந்த இடமும் போயிற்று என்று நான் உள்ளே திரும்பியபோது, காலித் தட்டோடு நின்றிருந்த கலா அன்று முதன்முறையாக வாய் திறந்தாள்.

"அப்பா, அவருதானே சொன்னாரு, குடும்பத்து ஆளுங்க கட்டலாம்னு?"

ஹவில்தார் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முழங்காலையும் பார்த்தார்.

"கட்டலாம். ஆனா தோள்ல" என்று சொல்லி உட்கார்ந்தார். "நீங்களும் உக்காருங்க மாப்ள. தரையில படாம உக்காருங்க."

கல்யாணத்துக்குப் பிறகு, மாமனார் ஆரணிக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே "ரெஜிமெண்ட்!" என்று குரல் கொடுப்பார். வீட்டுக்குள் எந்த லுங்கியில் இருந்தாலும் நான் ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் கதவைத் திறக்க வேண்டும். திறந்ததும் ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

இப்போது அவர் இல்லை. அந்தப் படம் எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டது. துணியை ஆண்டுதோறும் ஆவணியில் கலாதான் தோளில் போட்டு எடுத்துப் போய் உலர்த்துகிறாள். தொட எனக்கு அனுமதி இல்லை. ஆனால் படத்தைக் கடந்து போகும்போது என் கை இன்றும் தானாக இடுப்புக்குப் போகிறது.

போன மாதம் வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரப் பையன் அதைப் பார்த்துவிட்டான். "என்னா மாமா, பெரியவரு போட்டோ முன்னாடி லுங்கியத் தூக்கிக் கட்டிகினு நிக்கிறீங்க?"

நான் பதில் சொல்வதற்குள், செல்போனிலிருந்து தலை நிமிராமலே என் மகள் சொன்னாள்:

"இன்னும் மேலப்பா."