ஒரே கட்டிக்கு இரண்டு குல்லா

விடிந்தால் போதும், சுடர்க்கையார் மண்டபத்து வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். எல்லார் கையிலும் பெரிய உறை, உறைக்குள் ஸ்கேன் படம். மூளையில் கட்டி என்று டாக்டர் சொன்னவர்கள், சொல்லிவிடுவாரோ என்று பயந்தவர்கள், வெறும் தலைவலிக்காரர்கள், தலைவலிக்காரருக்குத் துணையாக வந்து தலைவலி பிடித்துக்கொண்டவர்கள். ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிடம் தாமதமானால் சண்டைக்குப் போகிற அதே ஜனம் இங்கே நாலு மணி நேரம் வாய் திறக்காமல் நின்றது.

வைத்தியம் சுலபம். நோயாளியைச் சுழல் நாற்காலியில் கூட்டத்தைப் பார்த்து உட்காரவைத்து, தலையில் வெள்ளைத் துணிக் குல்லா ஒன்றை மாட்டுவார்கள். சுடர்க்கையார் பின்னால் நின்று ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். படம் சும்மா உங்கள் திருப்திக்குத்தான் என்பார். பிறகு கண்ணை மூடுவார். உள்ளங்கை தலைக்கு மேல் அலைந்து அலைந்து, ஓரிடத்தில் "சுடுது" என்று நிற்கும். குல்லாவில் அங்கே சிவப்பு மையால் ஒரு வட்டம். இப்படி மூன்று தடவை வந்து மூன்று குல்லா வாங்கி, நாற்பது நாள் மாற்றி மாற்றிப் போட்டுத் தூங்கினால் கட்டி கரைந்துவிடுமாம். கத்தியே வேண்டாமாம். ஊருக்குக் குல்லா போடுகிறவர்கள் ஏராளம் உண்டு. அதைத் துணியிலேயே தைத்து, விலையும் வைத்துப் போட்டவர் இவர் ஒருவர்தான்.

அந்த வரிசையில் ஒருநாள் ரயில் நிலையத்து அறிவிப்பாளர் ஒருத்தி தன் அம்மாவோடு நின்றாள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிற குரல் அவளுடையது. கொஞ்ச நாளாகச் சில வார்த்தைகள் நாக்குக்கு வராமல் அடம்பிடித்தன. ஸ்கேன் எடுத்ததில் மூளையின் இடப்பக்கத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி.

அவளுடைய அண்ணனுக்கு ஸ்கேன் எடுத்த ஆஸ்பத்திரியில்தான் வேலை. அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளிகளின் தலையை மழிக்கிற முடிதிருத்துநர். சர்ஜன் படத்தைத் திரையில் போட்டு அவரிடம் விளக்கியிருந்தார்.

"பேச்சுக்குப் போற நரம்புப் பாதை நூல் நூலா தெரியுது பாருங்க. அதுக்கும் கட்டிக்கும் நடுவுல கொஞ்சூண்டு இடம் இருக்கு. பாதையத் தொடாம எப்படிப் போறதுன்னு இந்தப் படத்த வெச்சுத்தான் முடிவு பண்ணியிருக்கோம். கட்டி வளந்து அந்த இடத்த அடைச்சிட்டா, குரலுக்கு என்னால உறுதி சொல்ல முடியாது. திங்கக்கிழமையே பண்ணிடலாம்."

அம்மா கேட்டால்தானே. "மண்டையத் தொறக்க விடமாட்டேன். நாப்பது நாள் குல்லா போட்டுப் பாப்போம்" என்று ஒரே அழுகை. தங்கைக்கும் உள்ளூர நடுக்கம். "கத்தி பட்டு குரல் போயிட்டா எங்கிட்ட வேற என்னண்ணே இருக்கு?" என்றாள்.

முதல் குல்லா வீட்டுக்கு வந்தது. அண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் கட்டுகிற நாடா இருந்ததால் முன்பின் குழப்பமில்லை.

"ஏம்மா, கட்டி இடப்பக்கம். வட்டம் வலப்பக்கம் இருக்கே?"

"படத்த நல்லாப் பாருடா. அதுல வலப்பக்கம்தான் இருக்கு."

இருந்தது. அண்ணன் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஸ்கேன் படம் என்பது நமக்கு எதிரே நின்று நம்மைப் பார்க்கிற ஆள் மாதிரி. படத்தின் வலது, ஆளுக்கு இடது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாற்காலிக்குப் பின்னால் நின்றே பழகிய அண்ணன், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து ஒரு நோயாளிக்கு எதிர்ப்பக்கத்தை மழித்துவிட்டு, தலைமை நர்ஸிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதே தப்பை இப்போது ஒரு தெய்வீகக் கை செய்திருக்கிறது.

"கையில ஒண்ணும் சுடலம்மா. படத்தப் பாத்து வட்டம் போட்டிருக்காரு. அதையும் தப்பாப் பாத்திருக்காரு."

"மெஷின்தான் தப்பா எடுத்திருக்கும். அவரு கை பொய் சொல்லாது."

"சரி, நாளைக்கு ரெண்டாவது குல்லாவுக்கு நானும் வர்றேன்."

மறுநாள் மண்டபத்தில் தங்கையை நாற்காலியில் உட்காரவைத்தவர் அண்ணன்தான். தினமும் இதே மாதிரி நாற்காலியோடு மல்லுக்கட்டுகிற கால். ஒரு மிதி, ஒரு சுழற்று. தங்கையின் முதுகு கூட்டத்துக்கும் முகம் சுடர்க்கையாருக்குமாகத் திரும்பிவிட்டது.

"என்னப்பா இது, அந்தப் பக்கம் திருப்பு."

"உங்க முகத்தப் பாத்துக்கிட்டே குல்லா வாங்கணும்னு ஆசைப்படுறாங்கய்யா."

சுடர்க்கையாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. படத்தைத் தூக்கினார், பார்த்தார், கண்ணை மூடினார். படத்தில் கட்டி எந்தப் பக்கமோ, கை நேரே அந்தப் பக்கம் போயிற்று. "சுடுது" என்றார். வட்டம் போட்டார். தங்கையின் இடது காதுக்கு மேலே.

அண்ணன் அவள் தலையிலிருந்து குல்லாவைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து நேற்றைய குல்லாவை எடுத்தார். இரண்டையும் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். "நேத்து வலப்பக்கம் சுட்டுதாம். இன்னைக்கு இடப்பக்கம். படம் அதேதான், தலையும் அதேதான். நாற்காலிதான் திரும்பியிருக்கு."

"கட்டி நகர ஆரம்பிச்சிருக்கு. குணமாகுறதுக்கு அதுதான் அடையாளம்."

"ரொம்ப சந்தோஷம்" என்ற அண்ணன் படத்தை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். புதுக் குல்லா ஒன்றை மாட்டி, நாற்காலியை நாலு சுற்று சுற்றி நிறுத்தினார். "இப்ப படம் இல்லாம தொட்டுச் சொல்லுங்க. எந்தப் பக்கம் நிக்குது?"

உள்ளங்கை தலைக்கு மேல் அலைந்தது. இடம் வலம், வலம் இடம். எங்கேயும் சுடவில்லை.

அப்போதுதான் தங்கை வாயைத் திறந்தாள், நிலையத்து ஒலிபெருக்கிக் குரலில். "பயணிகள் கவனத்திற்கு. வலப்பக்க நடைமேடையில் நின்ற கட்டி, இடப்பக்க..." வார்த்தை சிக்கியது. அவள் கண்ணில் நீர் கோத்தது. "...நடைமேடைக்கு மாற்றப்பட்டுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்து முடித்ததும் ஒவ்வொருவராகக் குல்லாவை வெளியே எடுத்தார்கள், டாக்டர் சொன்ன பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். "நமக்கும் எதிர்ப்பக்கம்தான் போட்டிருக்கான்" என்று யாரோ சொன்னார். சுடர்க்கையார் பின்வாசலைத் தேடினார். அந்த இடத்தை மட்டும் கண்ணை மூடாமலே சரியாகக் கண்டுபிடித்தார்.

சிக்கி நின்ற அந்த ஒரு வார்த்தை அம்மாவின் காதைவிட்டுப் போகவில்லை. மகளின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "திங்கக்கிழமை எத்தன மணிக்குடா போகணும்?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது அந்த நிலையத்தில் வண்டிகள் அதே குரலில்தான் வந்து போகின்றன. சர்ஜன் படத்தில் பார்த்துவைத்த வழியிலேயே போய், நரம்புப் பாதையைத் தொடாமல் கட்டியை எடுத்துவிட்டார். தலையை மழித்தவர் அண்ணன்தான், இந்தத் தடவை பக்கம் மாறாமல்.

சுடர்க்கையார் வேறோர் ஊரில் கடை விரித்திருக்கிறாராம். வரிசை இங்கே இருந்ததைவிட நீளமாம். ஆனால் நாற்காலி சுழலாதாம், தரையோடு சேர்த்து நாலு ஆணி அடித்திருக்கிறாராம். ஒரே நாளில் அவர் அவ்வளவு யோசித்துவிட்டார். வரிசையில் நிற்கிற மகாஜனங்களே, நீங்கள் எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள்?