நாற்பத்தாறு, ஆண், வில்லியனூர்

கம்ப்யூட்டரில் அரட்டை என்ற ஒன்று தோன்றிய நாள் முதல் இன்றுவரை, அதில் ஒரு பொய்கூடச் சொல்லாத ஒரே மனிதர் எங்கள் வில்லியனூர்க்காரர்தான் என்று எந்தக் கோயில் வாசலிலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்களுக்கு அவர் ஏ.எஸ்.எல்.

டயல்-அப் காலத்துச் சாட் ரூமில் நுழைந்தவர்களுக்கு இந்த மூன்று எழுத்து நினைவிருக்கும். உள்ளே போனதும் யாராவது இதைத்தான் கேட்பார்கள். ஏஜ், செக்ஸ், லொகேஷன்; அதாவது வயது என்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர்? உண்மையைச் சொல்பவன் மடையன் என்பது அப்போதைய உலக வழக்கம். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் பாண்டிக்குப் பக்கத்து வில்லியனூரில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரே ஒரு போன் லைன், நடுநடுவே பிளைவுட் தடுப்பு. முதல் கேபினில் ஒரு மீசைக்காரன் 'பெங்களூர் பிரியா'வாக உட்கார்ந்திருப்பான். அடுத்த கேபினில் இன்னொரு மீசைக்காரன் அந்தப் பிரியாவுக்காக உருகிக்கொண்டிருப்பான். இருவரிடமும் காசு வாங்கிப் போட்டுக்கொண்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

அந்த இடத்துக்குத்தான் ஏ.எஸ்.எல். வந்து சேர்ந்தார். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் எத்தா சிவில் பகுதியில் வேலை, அதாவது பிறப்பு இறப்புப் பதிவு. ஆபீஸ் விட்டதும் நேராக வருவார். கோயிலுக்குள் நுழைவதுபோலச் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கேபின் திரையைச் சர்ரென்று ஒதுக்கிவிட்டுத்தான் உட்காருவார்.

முதல் நாளே ரூமில் அந்தக் கேள்வி வந்தது.

"இன்னா தம்பி கேக்குறான் இவன்?"

"வயசு, ஆணா பொண்ணா, எந்த ஊருன்னு கேக்குறாங்க சார். சும்மா எதையாச்சும் போடுங்க."

"சும்மாவா? இத்தினி வருசமா ஊரை நான் கேக்குற கேள்வியே இதான்பா. என்கிட்ட வந்து ஒருத்தன் சும்மா எதையாச்சும் சொன்னா வுட்டுடுவனா?"

ஒற்றை விரலால் தட்டினார். நாற்பத்தாறு, ஆண், வில்லியனூர். அதோடு விட்டாரா? கொம்யூன் ஆபீசில் வேலை, பெரிய கோயிலுக்குப் பின் தெரு, வீடு தெரியாவிட்டால் தேரடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்பதுவரை இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்து முடித்தார். அடிக்க அடிக்க வாய்விட்டு வேறு படிப்பார்.

அவர் மரியாதைதான் எனக்குப் பெரிய தொந்தரவு. ரூமில் ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது பேருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக வணக்கம் வைப்பார். ஏதோ கிறுக்கு வேலை என்று ரூமை நடத்துகிறவர்கள் அவரைத் தூக்கி வெளியே போடுவார்கள். சலிக்காமல் மறுபடி நுழைந்து, விட்ட இடத்திலிருந்து வணக்கத்தைத் தொடர்வார். கிளம்பும்போதும் அதே கதைதான், ஒவ்வொருவரிடமும் 'போயிட்டு வரேன்'. நடுவில் லைன் அறுந்துவிட்டால் போச்சு.

"தம்பி, இன்னொரு வாட்டி போடு. பாதி பேருகிட்ட சொல்லிக்கல."

"சார், லைன் கட்டாச்சின்னு அவங்களுக்குத் தெரியும்."

"ஒருத்தர் வூட்டுக்குப் போயி, சொல்லாம கொள்ளாம எழுந்து வந்தா நல்லாவா இருக்குது?"

மோடம் மறுபடி கீ என்று கத்தி, கரகரத்து, இருமி எழுந்திருக்கும்வரை மற்ற இரண்டு கேபின்காரர்களும் என்னை முறைப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் டயல் செய்வேன்.

இப்படிப்பட்டவர் கண்ணில் ஒருநாள் 'குயில்' பட்டது. இருபத்து மூன்று, பெண், மலேசியா. ரூமில் இருந்த அத்தனை பேரும் போட்டோ அனுப்பு, போன் நம்பர் கொடு என்று அந்தப் பெண்ணைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும், 'சாப்டியாம்மா?' என்று கேட்டார். 'இன்னும் இல்லை' என்று பதில் வந்தது. அன்று முதல் தினமும் இவர் சாப்பாட்டை விசாரிப்பதும், அது ரசம், இட்லி என்று பதில் சொல்வதுமாகப் போயிற்று. மலேசியாவில் தினம் ரசம் வைக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவருக்கு வரவில்லை.

வைகாசியில் தேர் வந்தது. ஏ.எஸ்.எல். ரூம் முழுக்க அழைப்பு வைத்தார். "கவர்னரே வந்து வடம் புடிக்கிறாரு, நீங்க வந்தா இன்னா?" என்று உரக்கப் படித்துக்கொண்டே அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். குயில் மட்டும் வருவதாகச் சொன்னது.

நான் அவர் கேபினுக்கே போனேன். "சார், அது பொண்ணாவே இருக்காது. வூட்ல சொல்லி வெக்காதீங்க."

"சொல்லிட்டனே. உங்க அக்கா ரவிக்கைத் துணி, வளையலு எல்லாம் வாங்கி வெச்சிட்டா."

அதுதான் எனக்கு வலித்தது. வட்டாரத்துக் குழந்தைகளுக்கெல்லாம் பதிவு போட்டுக் கொடுத்தவர் வீட்டில் பதிவு போட ஒரு குழந்தை பிறக்கவில்லை. அவர் மனைவியான அந்த அக்கா, முகம் தெரியாத ஒரு மலேசியாப் பெண்ணுக்காகத் தலையணை உறை மாற்றியிருந்தார். யாரும் வராமல் போனால் ஏ.எஸ்.எல். சமாளித்துக்கொள்வார். அக்காவுக்கு என்ன சொல்வது?

தேரன்று அவரைத் தனியாக விட மனமில்லாமல் நானும் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். தேர் நிலைக்கு வந்துவிட்டது, கூட்டமும் கலைந்தது. மலேசியா மட்டும் வரவில்லை. கிளம்பலாம் என்று நான் வாயெடுத்தபோது, நெடுநேரமாக டீக்கடை ஓரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வேட்டிக்காரர் மெல்ல வந்தார்.

"நீங்கதானே நாப்பத்தாறு, ஆண், வில்லியனூரு?"

"ஆமா. நீங்க?"

"நான்தாங்க குயிலு."

எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. ஏ.எஸ்.எல். சிரிக்கவில்லை. ஆபீஸ் ஜன்னலில் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"வயசு?"

"அம்பத்தஞ்சு."

"ஆண்" என்று தானே சொல்லிக்கொண்டார். "ஊரு?"

"தவளக்குப்பம்."

"தவளக்குப்பமா? பக்கந்தான். மெதுவா சாப்ட்டுப் போவலாம்."

அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. சிமெண்ட் கடை வைத்திருந்தாராம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. "நெசமான வயசைப் போட்டா ஒருத்தனும் பேச மாட்றான்பா. பொண்ணுன்னு போட்டா எல்லாரும் பேசுறான், ஆனா சாப்டியான்னு இவரு ஒருத்தருதான் கேட்டாரு. நேர்ல வந்து மன்னிப்பு கேக்கணும்னுதான் வந்தேன்" என்றார்.

"அத அப்பறம் பாத்துக்கலாம், வாங்க" என்று ஏ.எஸ்.எல். நடந்தார். தெருமுனை வந்ததும் நின்றுவிட்டார். வீட்டு வாசலில் அக்கா மல்லிகைச் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் மூவரையும் பார்த்தார். எங்களுக்குப் பின்னாலும் பார்த்தார்.

"பொண்ணு எங்க?"

ஏ.எஸ்.எல். முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். பதிவேட்டில் தப்பாக ஒரு கையெழுத்துப் போடச் சொன்னால்கூட மனிதர் அப்படி வேர்த்திருக்க மாட்டார்.

"பொண்ணுக்கு லீவு கெடைக்கல. இவரு அதோட அப்பா. தவளக்குப்பந்தான்."

நான் முதலில் செய்த சத்தியத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். அரட்டையில்தான் அவர் பொய் சொன்னதில்லை. வாசலில் சொன்னார்.

குயிலும் சளைத்தவரில்லை. பையிலிருந்து ஒரு தைலப் புட்டியை எடுத்து, "பொண்ணு குடுத்து அனுப்பிச்சிது" என்று நீட்டினார். மலேசியா, சிங்கப்பூர் போய் வருபவர்கள் கொண்டுவருவார்களே, அந்த மாதிரிப் புட்டி. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு ரவிக்கைத் துணியையும் வளையலையும் தட்டில் வைத்து அவரிடம் கொடுத்தார். "பூவு மலேசியா போய் சேர்றதுக்குள்ள வாடிடும், அத நானே வெச்சிக்கிறேன்" என்று சரத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. குயில் வருஷா வருஷம் தேருக்கு வந்தார். அக்கா வருஷா வருஷம் பெண்ணை விசாரித்தார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இரண்டு ஆண்பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள், கல்யாணம் செய்தார்கள். ஒரு தேருக்குக் குழந்தையும் பிறந்துவிட்டது. "எடை எவ்ளோ?" என்று அக்கா கேட்க, குயில் விழிக்க, ஏ.எஸ்.எல். பழக்க தோஷத்தில் "மூணு கிலோ, சுகப் பிரசவம்" என்றார். பிறக்காத பெண்ணுக்குப் பிறக்காத குழந்தையை அவர் மனசுக்குள் பதிந்தேவிட்டார் என்று நினைக்கிறேன்.

என் கடை இப்போது மொபைல் ரீசார்ஜ் கடை. நானும் மூலக்குளத்துக்குக் குடிவந்துவிட்டேன். சட்டைப் பையில் இருக்கும் போனுக்கு என் வயது, ஊர், நான் நிற்கிற தெரு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒன்றையும் என்னிடம் அது கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்டதில்லை.

இந்த வருஷத் தேருக்குப் போயிருந்தேன். ஏ.எஸ்.எல்.லுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. குயில் தடியூன்றித்தான் நடக்கிறார். இருவரும் கூடத்தில் பேரப்பிள்ளையின் படிப்பைப் பற்றி அக்காவுக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அக்கா தட்டில் புது ரவிக்கைத் துணி வைத்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, அந்தப் பொண்ணு..."

"மொத நாளே தெரியும்பா" என்றார் குரலைத் தாழ்த்தி. "தைலப் புட்டில பாண்டி கடை ஸ்டிக்கரு ஒட்டியிருந்திச்சி. கிழிக்க மறந்துட்டாரு."

"அப்பறம் ஏங்க்கா இத்தினி வருசமா கேக்கவேயில்ல?"

அக்கா துணியின் மடிப்பை நீவினார்.

"கேட்டுட்டா அந்தப் பொண்ணு இல்லாம பூடும் இல்ல?"

மூன்று பேரையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு அழலாம்போல இருந்தது, அது நம் வழக்கமில்லையே. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. முதலில் அக்காவிடம் விடைபெற்றேன். பிறகு குயிலிடம். பிறகு வாசல்வரை வந்த ஏ.எஸ்.எல்.லிடம். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டேன். மூன்றே பேர்தான். ஆனாலும் கிளம்ப வெகுநேரம் ஆயிற்று.