கிணற்றுக்கு உறை ஊற்றிய கதை

அரைகுறையாகப் படித்தவன் சும்மா இருந்தாலே ஊருக்குப் புண்ணியம். நான் சும்மா இருக்கவில்லை.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. காஜா பெராங்கில் எங்கள் மளிகைக்கடைக்குப் பின்னால் வீடு, அதற்குப் பின்னால் கிணறு. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா வீடு பார்க்க வருவதாக இருந்தது. அந்த வாரம் பார்த்துத்தானா, என்னைத் திட்டிக்கொண்டே அப்பா கையை வீசியதில் கிணற்றுச் சுவரில் இருந்த மண்ணெண்ணெய் டின் உள்ளே விழ வேண்டும்! (திட்டு பாதியில் நின்றதுதான் அவருக்கு வருத்தம்.)

“போச்சு! இந்த நாத்தத்துல எவன்டா பொண்ணு குடுப்பான்?” என்று அம்மா தலையில் கைவைத்தார்.

“கவலைப்படாதீங்கம்மா, எண்ணெயத் திங்கிற கிருமி இருக்கு.”

நூலகத்துச் சஞ்சிகை ஒன்றில் படித்திருந்தேன். எந்தக் கிருமி என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை யாரோ கிழித்துவிட்டிருந்தார்கள்.

அதனாலென்ன, பாலைத் தயிராக்குவதும் கிருமிதானே! வீடு வீடாகப் போய் உறைமோர் கேட்டேன்.

“எவ்வளவு பாலுக்கு தம்பி?”

“பாலுக்கு இல்லக்கா, கிணத்துக்கு.”

போதாததற்கு அம்மா அரைத்து வைத்திருந்த இட்லி மாவையும் கவிழ்த்தேன். பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து மலாய் பேசும் அம்மாள் ஒருவர் எட்டிப் பார்த்து, “கிலா!” என்றார். பைத்தியமாம். விஞ்ஞானிகளுக்கு இதெல்லாம் சகஜம் என்று நிமிர்ந்து நின்றேன்.

ஞாயிறு காலை கிணறு நுரைத்துப் பொங்கியது. கிருமிகள் இட்லி மாவை ஒரு பிடி பிடித்துவிட்டு மண்ணெண்ணெயைத் தொடவே இல்லை. (நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.)

கோப்பிக்குத் தெருக்குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்திருந்தோம். வந்த மனிதரோ நேரே கிணற்றடிக்குப் போய், நாங்கள் தடுப்பதற்குள் முகம் கழுவிவிட்டார். மீசையை முறுக்கியபடி உட்கார்ந்து, சுருட்டை வாயில் வைத்து, தீக்குச்சியை உரசப் போனார்.

“ஐயோ மாமா, மீசை பத்திக்கும்!”

பாய்ந்தேன். சுருட்டும் மீசையும் சேர்ந்தே என் பிடியில் சிக்கின.

“என் மீசையில கை வச்ச மொத ஆளு நீதான்டா!” என்று கத்திவிட்டு, கோப்பியைத் தொடாமலே போய்விட்டார். கல்யாணம் அவ்வளவுதான் என்று நான் மூலையில் உட்கார்ந்து அழுதேவிட்டேன்.

தன் வீட்டுக்குப் போய் அவர் பொரிந்து தள்ளியதைக் கேட்ட பெண், வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, “இவரையே கட்டிக்கிறேன்பா, பொழுது நல்லா போகும்,” என்றாளாம்.

மாமனார் கடைசிவரை எங்கள் வீட்டுக்குத் தண்ணீர்ப் போத்தலோடுதான் வந்தார். கிணறு சில மாதங்களில் தெளிந்தது. கிருமி தின்றுவிட்டது என்பேன் நான். மழை அடித்துக்கொண்டு போனது என்பாள் மனைவி. இன்றும் நான் பாலுக்கு உறை ஊற்றப் போனால் போதும், உள்ளேயிருந்து அவள் குரல் வரும்:

“ஒரு சொட்டு போதுங்க, அது கிணறு இல்ல!”